இரண்டு முழக் கம்பி கற்பித்த பாடம்
(ஆன்டெனா ஊட்டு அமைப்பும் காப்புரிமை ஆய்வும்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி ஒருத்தி, பூதப்பாண்டி

முன்னுரை

ஒரு பொருளைப் புதிதாகச் செய்துவிட்டோம் என்று நாம் நினைப்பது வேறு; அது உலகத்துக்கே புதியது என்று சட்டம் ஒப்புக்கொள்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் வாயிற்காப்போனுக்குக் காப்புரிமை ஆய்வு என்று பெயர். அந்த வாயிலை நானும் என் தாய்மாமாவும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையோடு, அங்கே நடக்கும் வேலை என்ன என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இதுதான் முதல் முறை. ஆகவே, பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

மாமாவின் கடை

பூதப்பாண்டியில் என் மாமா ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபோது, கடல் தாண்டி வரும் படத்தைப் பிடிக்க நம் பக்கத்தில் உயரமான குழாய்களில் ஆன்டெனா கட்டினார்கள். அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையனாகக் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுத்ததுதான் மாமாவின் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பண்பலை ஆன்டெனா செய்ய நான் முனைந்தேன். அலுமினியக் குழாயை மடக்கி ஆன்டெனா செய்தோம். நாகர்கோவில் பண்பலையின் 101 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஆனால் இரைச்சலும் கூடவே வந்தது. மாமா பலநாள் முயன்று, ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் அதே கேபிளில் ஏறத்தாழ இரண்டு முழம் வெட்டி, ஒரு வளையமாக இணைத்தார். மழைத்தண்ணீர் இறங்காதிருக்க அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றினார். இரைச்சல் பெரிதும் அடங்கியது.

வளையம் செய்யும் வேலை

இதில் உள்ள இயற்பியலைச் சுருக்கமாகக் காண்போம். மடக்கிய இருமுனை ஆன்டெனாவின் மின்மறுப்பு சுமார் 300 ஓம். நாம் பயன்படுத்திய கேபிளின் மின்மறுப்பு 75 ஓம். அகன்ற கால்வாயின் தண்ணீர் திடீரென்று குறுகிய மடைக்குள் புக நேர்ந்தால் ஒரு பகுதி மோதித் திரும்பும் அல்லவா? நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்னலையும் அப்படியே. எதிரொளிப்பு எண் (300 − 75) ÷ (300 + 75), அதாவது 0.6. இதன் வர்க்கம் 0.36. ஆகவே, பிடித்த ஆற்றலில் 36 விழுக்காடு கேபிளுக்குள் இறங்காமலே திரும்பிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்டெனாவின் இரு முனைகளும் சமமானவை. ஒன்று நேர்மின் அழுத்தத்தில் இருக்கும்போது மற்றது எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். கேபிளிலோ நடுக்கம்பி ஒன்றுதான் குறிப்பலையைச் சுமக்கிறது. வெளிவலை தரையோடு சேர்ந்தது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் வெளிவலையும் ஆன்டெனாவாக மாறி, கண்ட இரைச்சலை எல்லாம் பிடிக்கும்.

இரண்டு நோய்க்கும் அந்த வளையம் ஒரே மருந்து. அதன் நீளம் அரை அலைநீளமாக இருந்தால், ஒரு முனையின் அலை மறுமுனைக்குச் செல்வதற்குள் அரைச் சுழற்சி பிந்தித் தலைகீழாகிறது. அதனால் எதிரெதிரான இரு முனைகளும் கேபிளின் நடுக்கம்பியில் ஒத்துச் சேர்கின்றன. தரையை நோக்க ஒவ்வொரு முனையும் 150 ஓம். இரண்டும் பக்க இணைப்பாகச் சேரும்போது 75 ஓம். கேபிளுக்கு அப்படியே பொருந்துகிறது!

நீளத்தையும் கணக்கிடலாம். 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.97 மீட்டர். அதில் பாதி 1.485 மீட்டர். இவ்வகைக் கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளிவேகத்தில் 66 விழுக்காடுதான் என்பதால், வேண்டிய நீளம் 0.98 மீட்டர். மாமா காதால் கேட்டுக் கேட்டு வெட்டிய துண்டை நான் அளந்தபோது 97 சென்டிமீட்டர் இருந்தது.

சங்கிலிக்கு வந்த சோதனை

கண்காட்சியில் பலரும் பாராட்டினார்கள். மாமாவுக்கு ஆசை பிறந்தது. "மக்கா, இத நம்ம பேருல பதிஞ்சு போட்டா என்ன?" என்றார். வெளியூர்க்காரர் ஒருவர் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் பொருள் புதியதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோவாளைப் பூச்சந்தையில் பூக்கட்டும் என் அம்மா, எனக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கவும் துணிந்துவிட்டாள். அந்த நிலையில் எங்கள் இயற்பியல் பேராசிரியர் சொன்னது ஒன்றே ஒன்று: "முதலில் தேடிப் பார், அப்புறம் செலவு செய்." நான் தேடத் தொடங்கினேன்.

காப்புரிமை ஆய்வு என்பது என்ன?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை ஒட்டி எழுந்த இச்சட்டம், 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன. குமரி மாவட்டத்தார் விண்ணப்பிக்க வேண்டியது சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு.

விண்ணப்பத்தோடு பொருளின் விவரக்குறிப்பைத் தர வேண்டும். அதன் உயிர்நாடி உரிமைக் கோரிக்கைகள் என்னும் பகுதி. நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, 'எனக்குரியது இதுவரை' என்று அங்கே எல்லை வகுக்க வேண்டும். சாதாரணமாக 18 மாதம் கழிந்தபின் விண்ணப்பம் வெளியிடப்படுகிறது. ஆய்வு தானாக நடப்பதில்லை. அதற்குத் தனியே வேண்டுகோள் தர வேண்டும். 2024-ஆம் ஆண்டின் திருத்த விதிகளின்படி அதற்குரிய காலம் 31 மாதம். அதன் பிறகே ஆய்வாளர் கோப்பைப் பிரிக்கிறார்.

அவர் கேட்கும் கேள்விகளில் தலையானவை மூன்று. ஒன்று, இது புதியதா? உலகில் எங்கேனும் முன்பே அச்சில் வந்திருந்தால் போதும், புதுமை போய்விடும். இரண்டு, இதில் புத்தாக்கப் படி உண்டா? அதாவது, அத்தொழிலில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாத தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்கிறதா? மூன்று, தொழிலில் பயன்படுமா? இவற்றோடு, வேறொருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். குறைகளை எல்லாம் முதல் ஆய்வறிக்கையாக அனுப்புகிறார். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பதாரர் பதில் தர வேண்டும்; கோரிக்கைகளைத் திருத்தியும் கொள்ளலாம். தேவையானால் நேர்விசாரணையும் உண்டு. காப்புரிமை வழங்கப்படும் முன்னர் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்பது நம் சட்டத்தின் சிறப்பு.

மார்க்கோனிக்கும் இதே கேள்விதான்

ஆன்டெனாவுக்கு அலையை ஊட்டும் அமைப்பைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. மார்க்கோனி 1900 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அனுப்பும் இடத்தில் இரண்டு, வாங்கும் இடத்தில் இரண்டு என்று நான்கு மின்சுற்றுகள். ஆன்டெனாச் சுற்று மின்மாற்றி வழியாக இணைக்கப்பட்டிருக்கும். நான்கும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டிருக்கும். இதுவே அவர் கோரியது. முன்பே இருந்தவற்றைக் காட்டி அலுவலகம் முதலில் மறுத்தது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1904 ஜூன் 28 அன்று 763772 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது.

கதை அத்தோடு முடியவில்லை. முதல் உலகப்போரின்போது தன் காப்புரிமைகளை அமெரிக்க அரசு மீறிவிட்டதாக மார்க்கோனி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1943 ஜூன் 21 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம், இந்தக் காப்புரிமையின் முக்கியமான கோரிக்கைகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஏன்? ஆலிவர் லாட்ஜ் 1898-இல் பெற்ற காப்புரிமையில் ஆன்டெனாச் சுற்றை இசைவிக்கும் முறை இருந்தது. 1900 மார்ச்சில் நிக்கோலா டெஸ்லா பெற்றதிலும் நான்கு சுற்றுகள் இருந்தன. ஜான் ஸ்டோன் ஸ்டோன் என்னும் பொறியாளர் மார்க்கோனிக்கு ஒன்பது மாதம் முன்பே, 1900 பிப்ரவரி 8 அன்று விண்ணப்பித்திருந்தார். அவர் 1899-இல் எழுதிய கடிதங்களும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. தீர்ப்பு வந்த நாளில் இந்த நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

வானொலியைக் கண்டவர் டெஸ்லாவே என்று அத்தீர்ப்பு அறிவித்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. மார்க்கோனியின் முதல் கம்பியில்லாத் தந்திக் காப்புரிமை அங்கே கேள்விக்கு வரவே இல்லை. 'நான்கு எல்லைக்குள் நீ எழுதியதில் உன்னுடையது எது?' என்பது ஒன்றே கேள்வி.

மிர்சாப்பூர்ப் பட்டறை

நம் நாட்டிலும் ஒரு வழிகாட்டித் தீர்ப்பு உண்டு. பாத்திரங்களைக் கடையும்போது பிடித்துக்கொள்ளும் ஒரு கருவிக்கு மிர்சாப்பூரைச் சேர்ந்த பாத்திர நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றிருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1978 டிசம்பர் 13 அன்று வந்த தீர்ப்பு அக்காப்புரிமை செல்லாது என்றது. முன்பே உள்ளதில் செய்யும் வெறும் பட்டறைத் திருத்தம் போதாது. அதற்கும் மேலான ஒன்று வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. 'தொழிலில் தேர்ந்த ஒருவர்' என்று சட்டம் சொல்கிறதே, அவர் யார்? பட்டம் பெற்ற மேதை அல்லர். தன் தொழிலை நன்கு அறிந்த, அறிந்ததைக் கொண்டு வேலை முடிக்கத் தெரிந்த சாதாரண மனிதர். அதாவது, என் மாமா! சட்டம் கையில் வைத்திருக்கும் அளவுகோலே அவர்தான்.

எங்கள் வளையம் மேசைக்குப் போயிருந்தால்

தேடலின் விடையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளையத்துக்கு 'பாலுன்' என்ற பெயரே உண்டு. அரை அலைநீளக் கேபிள் வளையம், 300 ஓம், 75 ஓம் என்ற அதே கணக்கோடு, நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அச்சான வானொலிக் கைநூல்களில் இருக்கிறது. முதல் கேள்வியிலேயே தோல்வி.

விடாப்பிடியாக, 'மெழுகு ஊற்றிய டப்பாவோடு கூடிய வளையம்' என்று கோரிக்கையைத் திருத்தினால் என்ன? அப்படியே அச்சில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மழை இறங்கும் இடத்தை மெழுகால் அடைப்பது எந்த மெக்கானிக்குக்கும் தோன்றும் யோசனை. மேலும், தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தெரிந்த விதமாகவே செய்யும்போது, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது புதுப்புனைவு ஆகாது என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவே கூறுகிறது. இரண்டாம் கேள்வியிலும் தோல்வி. ஒரே வளையம், நீளம் மாற்றாமலே, வெகு தொலைவான இரு அதிர்வெண்களுக்கும் பொருந்தும்படி யாரும் எதிர்பாராத வழி ஒன்றைக் கண்டு, அதை அளந்தும் காட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

மாணவ நண்பர்களுக்கு

பட்ட அனுபவத்திலிருந்து மூன்று குறிப்புகள் சொல்வேன்.

முதலாவது, தேடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடுதளம் இலவசம். உலகப் பொது வகைப்பாட்டில் ஆன்டெனாக்கள் 'எச் 01 கியூ' என்ற குறியின் கீழும், அலைகடத்தும் தடங்களும் இணைப்புகளும் 'எச் 01 பி' என்ற குறியின் கீழும் வரும். பழைய பாடநூல்களையும் நூலகத்தில் புரட்டுங்கள்.

இரண்டாவது, காட்டுவதற்கு முன் விண்ணப்பியுங்கள். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. கல்லூரிக் கண்காட்சிக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. எங்கள் வளையம் புதியதாகவே இருந்திருந்தாலும், மேசைமேல் வைத்து எல்லோருக்கும் விளக்கிய அன்றே நாங்களே அதன் புதுமைக்கு உலை வைத்திருப்போம். முழு விவரம் தயாராகவில்லை என்றால், முதலில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம்.

மூன்றாவது, கட்டணத்தை அறிந்துகொள்ளுங்கள். தனிநபர் கணினி வழியே விண்ணப்பிக்க 1,600 ரூபாய். சாதாரண ஆய்வு வேண்டுகோளுக்கு 4,000 ரூபாய். விவரக்குறிப்பு எழுதத் தேர்ந்தவர் உதவி தேவைப்படலாம். அதற்குச் செலவும் ஆகலாம். ஆனால் தேடாமலே பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

முடிவுரை

ஆய்வாளர் ஏழையின் ஆசைக்குக் குறுக்கே நிற்பவர் என்றுதான் முதலில் எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. எங்களுக்கு முன்னே வேறு யாரோ அந்த வளையத்தைத் தமது என்று எழுதிக் கொடுத்து, ஆய்வாளரும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருந்தால், பூதப்பாண்டியில் என் மாமா அதைச் செய்து விற்க முடியாமல் போயிருக்கும். ஊருக்குப் பொதுவான அறிவை ஒருவர் தனிச்சொத்தாக வேலியடைத்துக்கொள்ளாதபடி காப்பதும் அந்த மேசையின் வேலைதான். புதியதைச் செய்தவனுக்கு அது உரிமை தருகிறது. பழையதை வைத்துப் பிழைப்பவனின் கருவிப்பெட்டியையும் காக்கிறது.

சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. பழைய கைநூலில் இருந்த படத்தை மாமாவிடம் தயங்கித் தயங்கித்தான் காட்டினேன். வருந்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, படத்தின் வளையத்தை விரலால் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு சிரித்தார்.

"அவனும் இப்படித்தான் சுத்திருக்கான் பாத்தியா? அப்போ நம்ம கணக்கு சரிதான் மக்கா!"