எரு முந்தி, விதை பிந்தி

கறிகாய்ப் பாத்திக்கு யூரியா வேண்டாம், மட்கிய எருவே போதும் என்று பலர் சொல்லக் கேட்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் யூரியாவை இன்று நிறுத்திவிட்டு எருவை நாளைக்குத் தேடலாமா?

கணக்கைப் பாருங்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. சாதாரணத் தொழுவுரத்திலோ ஏறக்குறைய அரைப் பங்குதான். ஒரு கிலோ யூரியா தரும் தழைச்சத்துக்குச் சுமார் நூறு கிலோ எரு வேண்டும். அப்படியானால் எருவால் என்ன பிரயோசனம் என்பீர்கள். யூரியா செடிக்கு மட்டும் உணவு. எரு மண்ணுக்கும் உணவு. யூரியாவில் வேர் உண்டது போக மிச்சம் நீரோடு இறங்கியும் காற்றில் கலந்தும் வீணாகும். எருவோ மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இரையாகி, சத்தைச் சிறுகச் சிறுக விடுகிறது.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, சருகு, வைக்கோல், சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிப் புரட்டி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. நிழலான இடத்தில் மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குவியல் போடுங்கள். அடியில் சுள்ளி, அதன்மேல் ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த சருகு, பிறகு நாலு விரல் கனத்துக்குக் காய்கறித் தோல், பசும்புல், அதன்மேல் சாணக் கரைசல் தெளித்துக் கொஞ்சம் மண். இப்படியே மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். மீன் கழிவைப் போடாதீர்கள். தெரு நாய்கள் உங்களுக்கு முன்பே குவியலைப் புரட்டிவிடும்!

ஈரம் பிழிந்த துணியைப் போல இருக்கட்டும். சில நாளில் உள்ளே கைவிட்டால் சுட வேண்டும். சுடாவிட்டால் பச்சைப் பொருள் போதவில்லை, அல்லது ஈரம் போதவில்லை. நாற்றமெடுத்தால் ஈரம் மிகுந்து காற்று அடைபட்டிருக்கிறது. சருகு சேர்த்துப் புரட்டுங்கள். இரு வாரத்துக்கு ஒரு முறை புரட்டினால் மூன்று, நான்கு மாதத்தில் கறுத்து உதிர்ந்து மண்வாசனை வீசும்.

அதுவரை பொறுக்க மாட்டாமல் பாதி மட்கியதைப் போடுவோர் உண்டு. அப்போது நுண்ணுயிர்கள் வைக்கோலை மட்கச் செய்ய, மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும்; கத்தரி இலை மஞ்சளிக்கும். பழி மட்டும் எருவின்மேல் விழும்.

இந்த அவசரம் ஒரு தேசத்துக்கே வந்தது. 2021-ம் ஆண்டு மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. ஈடான எரு கைவசமில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. அரிசியை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். குடியானவர் பட்ட நஷ்டம் பட்டதுதான்.

ஆகவே முதல் பருவத்தில் யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள். மண் தேறத் தேற மீதியையும் விடலாம். கத்தரி, வெண்டைக்கு எக்டருக்கு 25 டன் தொழுவுரம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் அளவு. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. கடைசி உழவில், அல்லது கொத்தும்போது, மண்ணோடு கலந்துவிடுங்கள். ஆடிப்பட்டத்தில் விதைக்கிறவர்கள் பங்குனியிலேயே குவியலைத் தொடங்க வேண்டும்.