தண்ணீரில் மருந்து வாடையா? பயப்படாதீர்கள்!

"குழாய்த் தண்ணீர்ல ஒரே குளோரின் வாடை. குழந்தைக்கு எப்படிக் கொடுக்கறது?"

மழைக்காலம் வந்தால் தாய்மார்கள் கேட்கிற கேள்வி இது. லேசான குளோரின் வாடை நல்ல அறிகுறிதான். சுத்திகரிப்பு நிலையத்தில் கலக்கும் குளோரின் அங்கேயே தீர்ந்துவிடக்கூடாது. வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வாடை பிடிக்கவில்லையா? அகலமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணி போட்டு மூடி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

நிலையத்திலேயே சுத்தம் செய்த பிறகு மிச்சம் எதற்கு? வழியில்தான் ஆபத்து! சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் நிலையத்துத் தண்ணீர் 1914-லிருந்து வருகிறது. மண்ணுக்கடியில் கொள்ளுத்தாத்தா காலத்துக் குழாய்களும் கிடக்கின்றன. தண்ணீர் வரும்வரை குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். நின்றதும் அது குறைந்துவிடும். அப்போது பக்கத்திலுள்ள சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே கசியும். மெயின் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களே, அவர்கள் சாக்கடையை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. அதனால் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கழிவறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

"சூடு பண்ணினா போதாதா?"

போதாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். பலபேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் இருந்த குடத்தில் ஊற்றி, டம்ளரோடு கையையும் முக்கி மொண்டால் காஸ் செலவுதான் மிச்சம்! நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள். அடிக்குழாய் வைத்த பானை இன்னும் நல்லது.

"காய்ச்சினா அடியில வெள்ளையா படியுதே?"

சுண்ணாம்பு உப்பு. கெடுதல் இல்லை.

"பிடிக்கும்போதே பால் மாதிரி இருக்கு."

டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழிகள். கலங்கல் அடியில் தங்கினால் மண். படிகாரம் போட்டால் தெளியும். ஆனால் கிருமி சாகாது, காய்ச்சித்தான் ஆகவேண்டும்.

சாக்கடை நாற்றம் அடித்தால் காய்ச்சியும் குடிக்க வேண்டாம். பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்றால் மெயின் குழாயில் கோளாறு; உடனே குடிநீர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், தரைத்தொட்டியைத் திறந்து பாருங்கள்.