மயிலிறகும் பாரமாகும்

தலைமையாசிரியர் என்றதும் காலைப் பிரார்த்தனையில் மாணவர்முன் நிமிர்ந்து நிற்கும் உருவமே நினைவுக்கு வருகிறது. மணியடித்து மாணவர்கள் வகுப்புக்குச் சென்றபின் அவர் தோளில் ஏறும் சுமையைப் பலரும் அறிவதில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஆந்திர அரசு 2019 நவம்பர் 14-இல் தொடங்கிய 'நாடு-நேடு' திட்டத்தில், பள்ளிக் கட்டடச் சீரமைப்பு பெற்றோர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுவின் அமைப்பாளர் தலைமையாசிரியரே. ஆகவே, கட்டுமானக் கணக்குகளும் அவர் பொறுப்பாயின. மதிய உணவு, கழிப்பறைத் தூய்மை பற்றிய விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் கடமையும் சேர்ந்தது. 2022 ஆகஸ்டில் முகத்தைப் படமெடுத்து வருகையைப் பதியும் செயலி வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

இவற்றின் நோக்கங்கள் நல்லவையே. குழந்தைக்குச் சத்துணவும் தூய கழிப்பறையும் வேண்டாமென்று யார் சொல்வார்? தனித்தனியே ஒவ்வொரு பணியும் இலேசானதே. ஆனால் மயிலிறகையும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் உணர்த்துகிறது.

சோர்வின் இயல்பு

1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்நிலையை விவரித்தார். இலவச மருத்துவமனையில் ஆர்வத்துடன் தொண்டாற்றியவர்களிடமே அவர் அதைக் கண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. எரியாத திரி கருகுவதில்லை அல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: ஆற்றல் வற்றிப்போதல், பணியின்மீது விலகலும் கசப்பும், செயல்திறன் குறைதல். இதனை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியழுத்தத்தின் விளைவு என்றே கூறுகிறது.

ஆகவே, 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை மட்டும் போதாது. முறிந்த அச்சுக்கு வண்டிக்காரரின் பொறுமை மருந்தாகுமா? சுமையும் குறைய வேண்டும்.

இரு வழிகள்

முதலாவது, புறத்தே செய்ய வேண்டியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே எழும் எழுத்துவேலைக்கோ பகிர்வுதான் தீர்வு. மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில், படிப்படியாக அமைந்த அட்டைகளைக் கொண்டு மாணவர்கள் தத்தம் வேகத்தில் பயில்கின்றனர், ஒருவருக்கொருவர் உதவுகின்றனர். அங்கே ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதில்லை. நிர்வாகத்திற்கும் இப்பாடம் பொருந்தும்.

இரண்டாவது, அகத்தே செய்ய வேண்டியது. 'நான் இல்லாவிடில் எதுவும் நடவாது' என்ற எண்ணம் பொறுப்புணர்ச்சி போலத் தோன்றும். ஆராய்ந்தால் அதில் அகந்தையின் சாயல் தெரியும். தகுந்தவரிடம் பணியை ஒப்படைத்து விலகி நிற்பதும் தலைமைப் பண்பே. நாள்தோறும் ஒரு வகுப்பிலேனும் பாடம் நடத்தும் தலைமையாசிரியர், தாம் ஏன் இத்தொழிலுக்கு வந்தோம் என்பதை மறப்பதில்லை.

சிறுவயதில் திருப்பதியில் பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பெற்றோர் மாலை அணிவிப்பது நன்று. ஒரு பணியைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது அதனினும் நன்று.

சிந்தனைக்கு

1. இன்று நான் செய்த பணிகளுள் என்னால் மட்டுமே செய்யக்கூடியவை எத்தனை?

2. என் கடுஞ்சொல் மாணவனின் குற்றத்தால் வந்ததா, என் களைப்பால் வந்ததா?

3. என் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரிடம், 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' என்று நான் கேட்டதுண்டா?