நட்சத்திரம் வாங்கிய வகுப்பு

அன்புள்ள தங்கைக்கு,

இந்தப் பருவத்துக்கு வழக்கமான கட்டுரை ஒப்படைப்பு கிடையாது, அதற்குப் பதிலாக நாலு நாலு பேராகச் சேர்ந்து விக்கிப்பீடியாவில் ஓர் எழுத்தாளரையோ நாவலையோ பற்றிய கட்டுரையை வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் துறையில் சொல்லிவிட்டார்களாமே. "கூகுளில் தேடி ஒட்டினால் ஒரு ராத்திரி வேலை" என்று உன் தோழி சொன்னதையும் எழுதியிருந்தாய். அந்த ஒரு ராத்திரிக் கணக்கு எங்கே போய் முட்டும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நன்றாக நடந்த கதை.

கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2008 ஜனவரியில் அங்கே லத்தீன் அமெரிக்க இலக்கியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கும் வகுப்பு ஒன்று தொடங்கியது. ஆசிரியர் ஜான் பீஸ்லி-மரே பாடத்துக்கு வைத்த பெயர் 'கொலை, பைத்தியம், அமளி'. பெயரில் மிகை ஏதுமில்லை. வகுப்பு கையிலெடுத்த நூல்களில் பல, சர்வாதிகாரிகளைச் சுற்றி எழுதப்பட்டவை. அர்ஜென்டினாவின் சர்மியெந்தோ 1845இல் எழுதிய 'ஃபகுந்தோ' முதல், டொமினிக்கன் குடியரசை ஆண்ட த்ருஹியோவைப் பற்றி மரியோ வர்காஸ் யோசா 2000இல் வெளியிட்ட நாவல் வரை அந்த வரிசை நீள்கிறது.

மாணவர்களுக்குக் கொடுத்த பணி, இந்த நூல்களையும் எழுத்தாளர்களையும் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளை மேம்படுத்துவது. மதிப்பெண் விதி ஒரே வரிதான். கட்டுரை விக்கிப்பீடியாவின் 'நல்ல கட்டுரை' தகுதியைப் பெற்றால் ஏ. 'சிறப்புக் கட்டுரை' ஆகிவிட்டால் ஏ பிளஸ்.

அந்த ஏ பிளஸ் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பது மாணவர்களுக்கு முதலில் தெரிந்திருக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு கட்டுரைக்குத்தான் மேல் வலது மூலையில், சிறப்புக் கட்டுரை என்பதற்கு அடையாளமான சிறிய வெண்கல நட்சத்திரம் கிடைக்கும். நல்ல கட்டுரை என்றால், அதை எழுதுவதில் பங்கெடுக்காத ஒருவர் படித்துப் பார்த்து, நடை, ஆதாரம், விரிவு, நடுநிலை என்று அளவுகோல்களை வைத்துச் சரிபார்ப்பார். சிறப்புக் கட்டுரைக்கு அது போதாது. அதைப் பொதுவில் முன்மொழிய வேண்டும். முகம் தெரியாத பலர் வந்து வரிவரியாகக் குடைவார்கள். இந்தத் தகவலுக்கு ஆதாரம் எங்கே, இந்த விமர்சகர் யார், இந்த வாக்கியத்தில் எழுவாய் எது என்று வாரக்கணக்கில் கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, திருத்தி, மறுபடி காட்ட வேண்டும்.

ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பார்த்தால் வேலையின் கனம் புரியும். குவாத்தமாலா எழுத்தாளர் மிகெல் ஆங்கெல் அஸ்தூரியாஸின் 'அதிபர் அவர்கள்' 1946இல் மெக்சிகோவில் அச்சானது. அப்படியானால் 1946இன் நாவல் என்று எழுதிவிட்டுப் போகலாமா? போக முடியாது. அதன் வித்து 1922இல் அவர் எழுதிய ஒரு சிறுகதை. பாரிஸில் வாழ்ந்த காலத்தில் அது நாவலாக வளர்ந்தது, 1930களின் தொடக்கத்தில் முடிந்தும் விட்டது. கதையில் வரும் அதிபருக்குப் பெயரே கிடையாது. ஆனால் 1898 முதல் 1920 வரை குவாத்தமாலாவை ஆண்ட எஸ்த்ராதா கப்ரேராதான் முன்மாதிரி என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பிறகு ஏன் பத்து வருடத்துக்கும் மேல் கையெழுத்துப் படி அச்சேறாமல் கிடந்தது? 1931 முதல் 1944 வரை ஹோர்ஹே ஊபிகோ என்ற இன்னொரு சர்வாதிகாரி ஆட்சியில் இருந்தார். முந்தைய சர்வாதிகாரியைப் பற்றி எழுதிய நாவலை அடுத்தவரும் தன்னைப் பற்றியதாகத்தானே படிப்பார்!

இந்த ஒரு பத்தியில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். அஸ்தூரியாஸ் 1967இல் நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் வாழ்க்கைக் குறிப்பு இணையத்தில் கொட்டிக் கிடக்கும். ஆனால் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று போட்ட கதைச் சுருக்கமோ புத்தகக் கடையின் விளம்பரக் குறிப்போ மதிப்பாய்வில் நிற்காது. ஆய்விதழும் விமர்சன நூலும்தான் நிற்கும். அதாவது, இணையத்துக்கு எழுதப்போன பிள்ளைகள் நூலகத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

அவர்கள் தனியாக விடப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரைகளைச் சிறப்புத் தகுதிக்குக் கொண்டுபோக உதவுவதற்கென்றே சில அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் ஒரு குழுவாக இயங்கிவந்தார்கள். அவர்கள் இந்த வகுப்பைத் தத்தெடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். மேற்கோள் எப்படிப் போடுவது, முன்னுரை எவ்வளவு நீளம் இருக்கலாம், எந்தச் சொல் வாசகரை ஒரு பக்கம் சாய்க்கிறது என்று பேச்சுப் பக்கங்களில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியரும் வெளியே நின்று மார்க் போடவில்லை. அவரும் உள்ளே இறங்கித் தொகுத்தார். முடிவில் மூன்று சிறப்புக் கட்டுரைகள், எட்டு நல்ல கட்டுரைகள். அஸ்தூரியாஸின் நாவல் நட்சத்திரம் வாங்கியது. தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் கடைசிப் பயணத்தைப் பற்றிக் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸ் 1989இல் எழுதிய நாவலைப் பற்றிய கட்டுரையும் வாங்கியது.

வர்காஸ் யோசா பற்றிய கட்டுரையும் இந்த வகுப்பின் பட்டியலில் இருந்தது. 2010 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தபோது, யார் இவர் என்று தேடியவர்கள் முதலில் போய் நின்ற இடங்களில் ஒன்று அந்தப் பக்கம். ஒரு பருவத் தேர்வுக்கு எழுதிய வேறு எந்தக் கட்டுரைக்கு இப்படி வாசகர் கிடைப்பார்? கல்லூரி ஒப்படைப்புகளை ஒருவர் ஒருமுறை படிப்பார், அப்புறம் அவை துறை அலமாரியில் தூசி தின்னும்.

எனக்கு இதில் ஒரு குறையும் தெரிகிறது. மதிப்பெண்ணை நட்சத்திரத்தோடு கட்டிவிட்டால், சம்பளமில்லாமல் மதிப்பாய்வு செய்யும் தன்னார்வலர் தலையில் ஒரு வகுப்பின் தேர்வுத் தேதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. வான்கூவரில் வகுப்பு சிறியது, உதவ ஆட்களும் முன்வந்தார்கள், அதனால் சமாளித்தார்கள். எல்லா இடத்திலும் அது நடக்காது.

நடக்காமல் போன இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2011இல் புனேயின் சில கல்லூரிகளில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டத்தைச் சோதனையாக நடத்தியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே சமயத்தில் எழுத இறங்கினார்கள். வகுப்புகள் பெரியவை, வழிகாட்டத் தெரிந்தவர்கள் சிலரே. உன் தோழியின் ஒரு ராத்திரிக் கணக்கைப் பலர் போட்டார்கள். பாடப்புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டினார்கள். அது பதிப்புரிமை மீறல் என்பதே பலருக்கு உறைக்கவில்லை. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் அவற்றைத் தேடித் தேடி நீக்கினார்கள். திட்டம் அந்த வடிவில் நின்றுபோனது. அந்த மாணவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சில் இருப்பதை அப்படியே எழுதினால்தான் முழு மார்க் என்று பன்னிரண்டு வருடம் பழக்கிவிட்டு, திடீரென்று சொந்தமாக எழுது என்றால் கை எங்கே போகும்?

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். நல்ல தேர்வு, ஆனால் ஆபத்தும் உண்டு. அவரைப் பற்றிச் சொல்ல ஒவ்வொருவரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். 'தமிழின் ஈடு இணையற்ற சிறுகதை மேதை' என்று எழுதினால் யாராவது வந்து நீக்கிவிடுவார்கள், நீக்குவதும் சரிதான். யார் அப்படிச் சொன்னார், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று எழுதினால் நிற்கும். அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும். 'சாப விமோசனம்' கதையைப் பற்றி உனக்கே ஒரு புது வாசிப்பு தோன்றினால், அதை இங்கே எழுதக் கூடாது. சொந்த ஆய்வுக்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். அந்த வாசிப்பை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பு.

கதைச் சுருக்கம் எழுதும்போது 'முடிவை வெள்ளித்திரையில் காண்க' பாணி வேண்டாம். கலைக்களஞ்சியம் முடிவையும் சொல்லும். ஆனால் சுருக்கமே பாதிக் கட்டுரையை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் எழுதும் இலக்கியக் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேதான் வீங்குகின்றன. கதை முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது, எப்போது நூலாயிற்று, அக்காலத்தில் எப்படி வரவேற்றார்கள் என்பவைதான் வாசகருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. அதற்கு ரகுநாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு, ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த கதைத் தொகுப்பு இரண்டிலும் தொடங்கலாம். பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நால்வரும் ஒரே கணக்கில் நுழைந்து எழுதாதீர்கள். ஆளுக்கொரு கணக்கு வேண்டும், யார் என்ன செய்தார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் தெரிய வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆட்கள் குறைவு. வான்கூவர் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைப் போல வரிக்கு வரி குடைகிற கூட்டம் வராமல் போகலாம். ஆகவே அந்த வேலையை உங்களுக்குள்ளேயே செய்துகொள்ளுங்கள். ஒருவர் எழுதிய பகுதியை, எழுதாத ஒருவர் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கட்டும். பொதுச் சந்தேகம் என்றால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம், யாராவது பதில் சொல்வார்கள். நீங்கள் எழுதியதை ஒருவர் மீளமைத்துவிட்டால் உடனே திரும்பப் போட்டுச் சண்டைக்கு நிற்காதே. பேச்சுப் பக்கத்தில் காரணம் கேள். பல நேரம் ஒரு மேற்கோள் விடுபட்டதுதான் காரணமாக இருக்கும்.

முதல் இரண்டு வாரம் 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்கும் முன்னால், என்னென்ன நூல்கள் கைக்குக் கிடைத்தன என்ற பட்டியலைப் பதிப்பாண்டோடு எனக்கு அனுப்பு. கட்டுரையை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்