மோட்டார் சைக்கிளைத் தூக்கும் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

மாணவர்களே, நம் நாட்டில் பல வீடுகளின் கார் போர்ச்சில் ஒரு காப்சாய் நிற்பதைப் பார்க்கலாம். சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, எஞ்சின் எண்ணெயை மாற்றுவது, சக்கரத்தைக் கழற்றுவது போன்ற வேலைகளைப் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் அப்பாக்களும் அண்ணன்களும் உண்டு. அவர்களில் சிலர் வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் கருவி ஒன்றை வாங்க நினைப்பார்கள். "எத்தனை கிலோ தூக்கும்?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: தூக்கிய வண்டி சாயாமல் நிற்குமா? இதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே உள்ளது.

சிறிய விசையில் பெரிய எடை

100 கிலோகிராம் பொருண்மை கொண்ட வண்டியின் எடை ஏறக்குறைய 1000 நியூட்டன். அதை ஒரு கையால் தூக்க முடியாது. ஹைட்ராலிக் ஜாக் அதைத் தூக்குவது எப்படி? மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இதுவே பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் கோட்பாடு. இதைப் பயன்படுத்தி ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

எளிய எண்களில் பார்ப்போம். சிறிய பிஸ்டனின் பரப்பளவு 1 சதுர சென்டிமீட்டர், பெரிய பிஸ்டனின் பரப்பளவு 20 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். 1000 நியூட்டனைத் தூக்கச் சிறிய பிஸ்டனில் 50 நியூட்டன் கொடுத்தால் போதும். ஆனால் வேலையின் அளவு குறைவதில்லை. வண்டியை 0.3 மீட்டர் உயர்த்த 300 ஜூல் வேலை செய்தாக வேண்டும். ஆகவே சிறிய பிஸ்டன் மொத்தம் 6 மீட்டர் தூரம் நகர வேண்டும். ஒரு முறை அழுத்தும்போது அது 3 சென்டிமீட்டர் நகர்ந்தால், 200 முறை அழுத்த வேண்டும். உராய்வையும் சேர்த்தால் கொடுக்க வேண்டிய விசை இன்னும் சற்றுக் கூடும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

திருகாணி கொண்ட கத்தரிக்கோல் ஜாக்கில் வேறொரு கணக்கு. அதன் கைகள் தரையோடு 45 பாகை சாய்ந்திருக்கும்போது திருகாணி தாங்கும் விசை வண்டியின் எடைக்குச் சமம். 15 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும்போது அது எடையைப் போல் ஏறக்குறைய 3.7 மடங்கு ஆகிவிடும். தாழ்வாக இருக்கும்போது திருகுவது கடினமாகவும், உயர உயர எளிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த வண்டிக்கு எது?

பல காப்சாய்களில் ஒரு தூக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் டபுள் ஸ்டாண்ட். அதை மிதித்து வண்டியைப் பின்னால் இழுக்கும்போது அது நெம்புகோலாக வேலை செய்கிறது. எண்ணெய் மாற்றவும் சங்கிலியைத் துடைக்கவும் அதுவே போதும்.

டபுள் ஸ்டாண்ட் இல்லாத பெரிய வண்டிகளுக்குப் பேடாக் ஸ்டாண்ட் பொருத்தமானது. இதுவும் நெம்புகோல்தான். பின்சக்கரத்தைத் தாங்கும் கையைப் பிடித்துப் பின்புறத்தை மட்டும் உயர்த்தும். முன்சக்கரம் தரையிலேயே இருப்பதால் வண்டி நிலையாக நிற்கும்.

எஞ்சினுக்கு அடியில் வைக்கும் ஜாக், வண்டியின் இரு சக்கரங்களையும் உயர்த்த வல்லது. ஆனால் அதன் மேல்தட்டு எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் இரும்புக் குழாய்கள் அடியில் ஓடும் வண்டிகளுக்கு இது பொருந்தும். பல காப்சாய்களில் எஞ்சின் சட்டத்திலிருந்து தொங்குகிறது. எண்ணெய் வடிக்கும் ஆணி அதன் அடியில் இருக்கிறது, புகைக்குழாயும் அவ்வழியே செல்கிறது. ஜாக் அங்கே அழுத்தினால் இவை சேதமடையலாம்.

மேசை வகைத் தூக்கியில் முழு வண்டியும் ஒரு தளத்தின் மேல் ஏறி நிற்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவ்வியும், வார் கட்டும் வளையங்களும் அதில் இருக்கும். நிலைத்தன்மை அதிகம், அதற்கேற்ப நிறைய இடமும் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றினால் என்ன ஆகும்?

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையும் கோடு அதன் அடித்தளத்திற்குள் விழும்வரை அது சாயாது. இது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் பழுது பார்க்கும்போது ஈர்ப்பு மையம் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

110 கிலோகிராம் வண்டி ஒன்று ஜாக்கின் மேல் இருக்கிறது. அதன் ஈர்ப்பு மையம் மேல்தட்டின் நடுவே உள்ளது. தட்டு முன்னும் பின்னும் 10 சென்டிமீட்டர் நீள்கிறது. இப்போது 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் 10 கிலோகிராம் சக்கரத்தைக் கழற்றுகிறோம். எஞ்சிய 100 கிலோகிராமின் ஈர்ப்பு மையம் 6 சென்டிமீட்டர் முன்னோக்கி நகர்ந்துவிடும். தட்டின் முன்விளிம்புக்கு இன்னும் 4 சென்டிமீட்டர்தான் மிச்சம்.

இந்த நிலையில் ஒருவர் தட்டுக்கு 0.5 மீட்டர் மேலே உள்ள ஓர் ஆணியை முடுக்க, 100 நியூட்டன் விசையுடன் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறார் என்போம். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். கவிழ்க்கும் திருப்புத்திறன் 50 நியூட்டன் மீட்டர். வண்டியின் எடை அதைத் தடுக்கும் அளவு 1000 × 0.04, அதாவது 40 நியூட்டன் மீட்டர் மட்டுமே. வண்டி கவிழும்! சக்கரம் இருந்தபோது தடுக்கும் அளவு 110 நியூட்டன் மீட்டராக இருந்தது. அப்போது அதே தள்ளு எதையும் செய்திருக்காது.

இத்தனைக்கும் ஜாக்கின் தூக்கும் திறன் சற்றும் குறையவில்லை. 500 கிலோ தூக்கும் ஜாக்காக இருந்தாலும் இதே கதிதான். அதனால்தான் கவிழாமல் கட்டும் வார்கள் அவசியம். மழைநீர் வடிவதற்காகக் கார் போர்ச்சின் தரை சற்றுச் சாய்வாக இருப்பதையும் மறக்கக் கூடாது. 20 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சாய்வு என்றால், 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள ஈர்ப்பு மையத்தின் கோடு 3 சென்டிமீட்டர் விலகும்.

எண்ணெய் தூக்கட்டும், இரும்பு தாங்கட்டும்

ஹைட்ராலிக் ஜாக்கில் எண்ணெய் கசியாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம். அது தேய்ந்தால் வண்டி மெல்ல இறங்கலாம்; கிழிந்தால் சட்டென்று இறங்கலாம். ஆகவே உயர்த்திய பிறகு இரும்புக் கம்பியையோ பூட்டையோ மாட்டி நிறுத்தும் வசதி உள்ள கருவியையே வாங்க வேண்டும். அதை மாட்டாமல் வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது.

கருவியின் மேல் ஒட்டியிருக்கும் தாளையும் கவனித்துப் படியுங்கள். சிலவற்றில் எடை பவுண்டில் குறிக்கப்பட்டிருக்கும். 1000 பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிலோகிராம்தான்.

வீட்டில் யாராவது இத்தகைய கருவியை வாங்க நினைத்தால் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வண்டியின் எந்தப் பகுதியை அது தொடும்? பாகத்தைக் கழற்றிய பிறகு ஈர்ப்பு மையம் எங்கே போகும்? எண்ணெய் கசிந்தால் வண்டியைத் தாங்குவது எது?

முயன்று பாருங்கள்: மேலே சொன்ன கணக்கில், பின்சக்கரத்துக்குப் பதிலாக 60 சென்டிமீட்டர் முன்னால் உள்ள 10 கிலோகிராம் முன்சக்கரத்தைக் கழற்றினால் ஈர்ப்பு மையம் எப்பக்கம், எவ்வளவு நகரும்? அப்போது முன்னோக்கித் தள்ளும் 100 நியூட்டன் விசை வண்டியைக் கவிழ்க்குமா?

விடை: பின்னோக்கி 6 சென்டிமீட்டர் நகரும். முன்விளிம்பு 16 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதால் தடுக்கும் திருப்புத்திறன் 160 நியூட்டன் மீட்டர். வண்டி கவிழாது. ஆனால் அதே விசையுடன் பின்னோக்கி இழுத்தால் கவிழும்.