வாக்காளர் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் தேவை

சுற்றுச்சூழல் அமைப்பில் களப்பணிக்குச் சேரப் போகிறீர்களா? தண்ணீர் மாதிரி எடுக்கவும் தகவல் உரிமை மனு எழுதவும் தெரிந்தவர்கள் நிறையவே கிடைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் புரட்டி, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தவர் அரிது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

காரணம் அரசமைப்பிலேயே இருக்கிறது. 243ஆவது உறுப்பின்படி, கிராம சபை என்பது அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்களின் அவை. ஏரியில் மண் அள்ளுவதை எதிர்த்துத் தீர்மானம் போடும் நாளில், பட்டியலில் இல்லாதவர் வேடிக்கை பார்க்க வந்தவராகவே கருதப்படுவார். தமிழ்நாட்டில் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை இருந்தால்தான் கோரம் நிறையும். வெளியூர் வேலைக்குப் போய்வரும் உப்பளத் தொழிலாளிகள், மணமாகி வந்த பெண்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரின் பெயர்களை முதலில் தேடுங்கள்.

வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு. அதில் வயது வந்த எல்லோரும் உறுப்பினர். ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தது இந்தச் சட்டத்தின் வழியில்தான். இரண்டையும் குழப்பிப் பேசினால் அதிகாரி முன் மூக்குடைபடுவது உறுதி.

சென்னையில் இந்த வேலை வேறு மாதிரி. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்டவர்களில், பழைய முகவரியிலேயே பெயர் கிடப்பவருக்குப் புது வட்டாரத்தில் வாக்கு இல்லை. அங்கே கழிவுநீர் தேங்கினால் அவர் சொல்லை யார் மதிப்பார்கள்? நதிச் சீரமைப்பைப் பேசும் அமைப்பு இதையும் பேசித்தான் ஆக வேண்டும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, வீடு மாறியவர்களின் பெயரைச் சரிபார்ப்பது இன்னும் அவசியம்.

படிவங்கள் சில்லறை விஷயம்: புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. பதினேழு வயதானவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளே தகுதி நாள்கள். ஆனால் படிவங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். அமைப்புகள் மொத்தமாகத் தரும் விண்ணப்பங்களைத் தேர்தல் ஆணையம் ஏற்காது. அவரவர் கையால், அல்லது அவரவர் கைபேசியில் இணையவழியாகவே போகட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து உதவினால் போதும்.

கட்சிப் பேச்சு வேண்டாம். யாருக்கு ஓட்டு என்று கேட்டாலே, அடுத்த தெருவில் உங்களை ஏதோ கட்சிக்காரர் என்பார்கள். அமைப்பின் வரிவிலக்கும் வெளிநாட்டு நிதி அனுமதியும் சிக்கலில் மாட்டக்கூடும்.

தன்விவரக் குறிப்பில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்’ என்று எழுதாதீர்கள். வேலை கொடுப்பவர்களுக்கு அந்த வரி அலுத்துவிட்டது. எந்தப் பாகத்தைச் சரிபார்த்தீர்கள், எத்தனை பேரைச் சேர்க்க உதவினீர்கள் என்று எழுதுங்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால், ஏப்ரலிலேயே பட்டியலோடு தெருவில் இறங்குங்கள்.