செய்தியை நீக்குதலும் திருத்துதலும்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கெல்லையில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஊர்கள் பல உள்ளன. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி என்பன அவற்றுட் சில. இவ்வூர்களிற் பணியாற்றும் களப்பணியாளரும் ஆசிரியரும் இன்று மழை எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, தடுப்பூசி போடும் நாள், சாலை அடைப்பு முதலிய செய்திகளை வாட்ஸ்அப் என்னும் உரையாடற் செயலியின் குழுக்கள் வாயிலாகவே பெரிதும் பெற்றுப் பிறர்க்கும் அனுப்புகின்றனர்.

விரைவாக அனுப்பப்படும் செய்தியிற் பிழை நேர்தல் இயல்பு. பிழையைக் கண்டவுடன் அனுப்பியவர் நீக்கும் பொத்தானை அழுத்துகிறார். திரையிலிருந்து செய்தி மறைகிறது. அத்துடன் பிழையும் மறைந்துவிட்டதென அவர் மனநிறைவு கொள்கிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருத்தமுடையது என்பதையும், பிழையான செய்தியை அனுப்பிவிட்டவர் செய்ய வேண்டுவது யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலைநாட்டில் ஒரு செய்தியின் மதிப்பு

2018ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 22 வரை இடுக்கி மாவட்டத்தில் வழக்கமான அளவைவிட ஏறத்தாழ 92 சதவீதமும், பாலக்காடு மாவட்டத்தில் ஏறத்தாழ 73 சதவீதமும் மிகுதியாக மழை பெய்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்பட்டது. மக்கள் அச்சத்துடன் இருந்த அந்நாட்களில், முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்னும் பொய்ச் செய்தி குரற்பதிவாகக் கைப்பேசிகளிற் பரவிற்று. மாநில அரசு அதனை மறுத்து, அதைப் பரப்புவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரிக்க நேர்ந்தது. அக்குரல் எத்தனை கைப்பேசிகளிற் படியெடுக்கப்பட்டதோ, அத்தனை இடங்களிலும் மறுப்பும் சென்று சேர வேண்டியிருந்தது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடியிலுள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மீது மலை சரிந்து விழுந்தது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், இத்துயரச் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகுக்கு எட்டியது.

செய்தி மிக இன்றியமையாததாக இருக்கும் இரவிலேயே செய்தி செல்லும் வழி அறுந்துபோகக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நீக்குதலைப்பற்றி ஆராயும்போதும் இவ்வுண்மையை மறத்தலாகாது.

செய்தி செல்லும் வழி

ஒருவர் செய்தியை அனுப்பும்போது, அது அவருடைய கைப்பேசியிலேயே மறைகுறியாக மாற்றப்படுகிறது. பிறகு நிறுவனத்தின் பணியகக் கணினியை அடைந்து, அங்கிருந்து பெறுநரின் கைப்பேசிக்குச் சென்று, அங்கே மீண்டும் படிக்கத்தக்க எழுத்தாகிறது. வாட்ஸ்அப்பில் இம்முறை 2016 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. செய்தி பெறுநரைச் சேர்ந்ததும் பணியகக் கணினி தன்னிடமுள்ள படியை அகற்றிவிடும். பெறுநரின் கைப்பேசி தொடர்பில் இல்லையாயின், 30 நாள் வரை அதனைக் காத்து வைத்திருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். 60 பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பிய செய்தி ஒரே பலகையில் எழுதி யாவரும் வந்து படிக்கும் அறிவிப்பைப் போன்றதன்று. அது 60 வீடுகளுக்குத் தனித்தனியே கொடுக்கப்பட்ட 60 துண்டுக் காகிதங்களைப் போன்றது. பலகையில் எழுதியதைத் துணியால் ஒரு முறை துடைத்தாற் போதும். வீடுகளுக்குச் சென்ற காகிதங்களை அவ்வாறு துடைக்க இயலாது.

நீக்குதலின் வகைகள்

முதல் வகை, தனக்கு மட்டும் நீக்குதல். இதில் ஒருவர் தம் கைப்பேசியிலுள்ள படியையே அழிக்கிறார். பிறரிடமுள்ள படிகள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது வகை, உரையாடல் முழுவதையும் துடைத்தல் அல்லது நீக்குதல். துடைத்தால் செய்திகள் அழிந்து உரையாடலின் பெயர் மட்டும் பட்டியலில் எஞ்சும். நீக்கினாற் பெயரும் மறையும். இதுவும் தம் கைப்பேசியோடு நின்றுவிடுவதே. குழு உரையாடலை நீக்க விரும்புவோர் முதலிற் குழுவிலிருந்து விலக வேண்டும்.

மூன்றாவது வகை, அனைவருக்கும் நீக்குதல். இது 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அனுப்பிய 7 நிமிடங்களுக்குள் மட்டுமே நீக்க முடிந்தது. 2018இல் அக்கெடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும், 2022 ஆகஸ்டில் 2 நாளும் 12 மணி நேரமுமாகவும் உயர்த்தப்பட்டது. குழுவின் நிர்வாகி பிறர் இட்ட செய்தியையும் நீக்கலாம். நீக்கிய இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்னும் குறிப்பு நிற்கும்.

நான்காவது வகை, தானே மறையும் செய்தி. இதற்கு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என மூன்று கெடுக்கள் உள்ளன.

நீக்குதலும் ஒரு செய்தியே

அனைவருக்கும் நீக்கும் முறை எவ்வாறு செயற்படுகிறது? அனுப்பியவரின் கைப்பேசி, முன்னர் அனுப்பிய இன்ன செய்தியை அகற்றுக என்னும் புதிய கட்டளையொன்றைப் பெறுநர் யாவர்க்கும் அனுப்புகிறது. அக்கட்டளையைப் பெற்ற பின்னரே ஒவ்வொரு கைப்பேசியும் தன் படியை அகற்றுகிறது. அஃதாவது, நீக்குதல் என்பதும் மற்றொரு செய்தியே. முதற் செய்தி சென்ற அதே வழியில் அதுவும் செல்ல வேண்டும். வழி அறுந்திருந்தால் அதுவும் காத்துக் கிடக்க வேண்டும். 2013 ஜூலை வரை நம் நாட்டில் இயங்கிய தந்திச் சேவையில், முன் அனுப்பிய தந்தியை மறுக்க மற்றொரு தந்தி அடிக்கப்பட்டதை மூத்தோர் நினைவுகூர்வர். இன்றைய முறையும் சாரத்தில் அதுவேயாம்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கனமழைக் காலத்தில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு, முகாமில் உள்ளோர் வீடு திரும்பலாம் என்னும் செய்தியை அலுவலர் ஒருவர் வேறொரு வட்டத்தின் குழுவுக்கு அனுப்புவதாக எண்ணித் தேவிகுளம் வட்டத்தின் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் மூணாறு கடைத்தெருவில் நிற்கும்போது அதனைப் பெறுகிறார். பிறகு ஜீப்பில் ஏறி, கோபுரத் தொடர்பு எட்டாத தம் குடியிருப்புக்குச் சென்றுவிடுகிறார். 4 மணி 20 நிமிடத்துக்கு அலுவலர் பிழையை உணர்ந்து அனைவருக்கும் நீக்குகிறார். அவருடைய திரையில், நீக்கப்பட்டது என்னும் குறிப்பு உடனே தோன்றுகிறது. ஆனால் ஆசிரியையின் கைப்பேசியில் பழைய செய்தி அப்படியே இருக்கிறது. நீக்கும் கட்டளை அங்கே இன்னும் சேரவில்லை. அவர் நல்லெண்ணத்துடன் அதனை லயத்து மக்களுக்குப் படித்துக் காட்டுகிறார். அன்றிரவு அக்குடும்பங்கள் மலைச்சரிவின் கீழுள்ள வீடுகளுக்குத் திரும்பினால், அதன் விளைவு யாதாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

ஆகவே அனுப்பியவரின் திரையில் தோன்றும் குறிப்பு, நீக்கும் கட்டளை புறப்பட்டதற்குச் சான்றேயன்றி, அது யாவரையும் சேர்ந்ததற்குச் சான்றன்று. நீக்குதல் வெற்றி பெறாவிடினும் அனுப்பியவர்க்குத் தனி அறிவிப்பு வருமென்னும் உறுதியில்லை.

நீக்கியும் எஞ்சுபவை

தொடர்பு நன்கிருக்கும் இடத்திலும் பல படிகள் எஞ்சக்கூடும். மற்றொருவர் வேறு குழுவுக்கு முன்னனுப்பிய படியை மூலச் செய்தியின் நீக்கம் தொடாது. சில கைப்பேசிகளிற் படங்கள் தனித் தொகுப்பிற் சேமிக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகள் பலவற்றில் அறிவிப்பு வரலாறு என்னும் வசதியை இயக்கி வைத்திருந்தால், வந்து போன அறிவிப்புகள் 24 மணி நேரம் வரை அதிற் காணப்படும். திரையைப் படமெடுத்தவரிடம் அப்படம் இருக்கும். காப்புப் படி எடுத்து வைத்தோர் அதிலிருந்து பழைய உரையாடலை மீட்கவும் கூடும்.

முன்னனுப்பிய செய்தியில் மற்றொரு குறையும் உண்டு. அது முன்னனுப்பப்பட்டது என்னும் குறி 2018 ஜூலை முதல் காட்டப்படுகிறது. ஆனால் மூலச் செய்தி எழுதப்பட்ட நாள் காட்டப்படுவதில்லை. இதனாலேயே, நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என்னும் பழைய செய்தி அடுத்த மழையிற் புதிய செய்திபோல் மீண்டும் உலவுகிறது. நாளை என்னும் சொல் எழுதியவர்க்கு ஒரு நாளையும், படிப்பவர்க்கு மற்றொரு நாளையும் குறித்துவிடுகிறது. செய்தியில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுவதே இதற்குத் தக்க மருந்து.

நீக்கத்தக்கனவும் தகாதனவும்

மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், நோயாளியின் பெயர், குழந்தையின் படம் முதலியன தவறான குழுவுக்குச் சென்றுவிட்டால், தயங்காமல் அனைவருக்கும் நீக்குதல் வேண்டும். தம்மிடமுள்ள படிகளையும் அகற்றுமாறு உறுப்பினரைக் கேட்டுக்கொள்ளுதலும் வேண்டும். காலை வணக்கப் படங்களும் இரட்டித்து வந்த காணொளிகளும் கைப்பேசியின் இடத்தை நிரப்புமாயின் அவற்றை நீக்குவதிற் குற்றமில்லை.

ஆனால் பணி தொடர்பான உத்தரவு, எச்சரிக்கை, மழையளவு, சேத அறிக்கை ஆகியவற்றின் நிலை வேறு. மத்திய அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம் கணினி முதலிய சாதனங்களால் உண்டாக்கப்பட்ட ஆவணங்களையும் பதிவேடு என்றே கொள்கிறது. விதிமுறைக்கு மாறாக அவற்றை அழித்தல் தண்டனைக்குரியது. மாநில அலுவலகங்களில் அவற்றுக்குரிய விதிகள் பொருந்தும். எனவே அலுவலகக் குழுக்களில் தானே மறையும் வசதியை நிறுத்தி வைத்தலும், முக்கியமான செய்திகளை நேரத்துடன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுதலும் நன்று. ஒரு பேரிடருக்குப்பின், எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்குச் சென்றது என்னும் வினாக்கள் எழும்போது அப்பதிவே விடை கூறும்.

திருத்தும் முறை

பிழையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டவர் பின்வரும் வரிசையிற் செயற்படுதல் தகும்.

1. முதலிற் சரியான செய்தியை அனுப்புக. எந்த நேரத்தில் அனுப்பிய எந்தச் செய்தி பிழை என்பதை அதில் வெளிப்படையாகக் கூறுக. மாவட்டம், வட்டம், நாள், எச்சரிக்கையின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பிடுக. வானிலைத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரையிலான மழை மிகக் கனமழை எனவும், அதற்கு மேற்பட்டது அதிகனமழை எனவும் பெயர் பெறும்.

2. பிழையான செய்தியைப் பதிவேட்டிற் குறித்துக்கொண்டு, அதன்பின் அனைவருக்கும் நீக்குக. திருத்தம் இல்லாத வெற்று நீக்கம் ஐயத்தையும் வதந்தியையும் வளர்க்கும்.

3. அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தும் வசதியும் 2023 மே முதல் உண்டு. எழுத்துப்பிழைக்கு அது போதும். எச்சரிக்கையின் பொருள் மாறுமாயின் அதனை மட்டும் நம்பலாகாது. முன்பே படித்துச் சென்றவர் மீண்டும் பார்ப்பார் என்பதற்கு உறுதியில்லை.

4. செய்தியின் விவரத்தைத் திறந்து, யாவர் பெற்றனர், யாவர் படித்தனர் என்று பார்க்க. திருத்தத்தைப் பெறாதவர் பெயர்களை எழுதிக்கொண்டு, தொலைபேசி, தோட்ட அலுவலகம், வனத்துறைச் சாவடி, ஆள் அனுப்புதல் ஆகியவற்றுள் இயன்ற வழியில் அறிவிக்க.

5. பழைய செய்தியை முன்னனுப்பியோர் திருத்தத்தையும் அதே குழுக்களுக்கு முன்னனுப்புமாறு கேட்டுக்கொள்க. இரு மொழியினர் உள்ள குழுவில் தமிழிலும் மலையாளத்திலும் திருத்தம் அமைதல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இதனை மாணவர்க்கு விளக்கக் கைப்பேசி தேவையில்லை. ஆசிரியர், நாளை விடுமுறை என்று எழுதிய துண்டுச் சீட்டுகளை 10 மாணவர்க்குக் கொடுக்க வேண்டும். அவர்களுள் இருவரை வெளியே, குரல் எட்டாத தொலைவுக்கு அனுப்ப வேண்டும். வேறு இருவரைத் தம் சீட்டைப் படியெடுத்து அடுத்த வகுப்புக்குக் கொடுக்கச் செய்ய வேண்டும். பின்னர், சீட்டுகளைத் திருப்பித் தருக என்று ஒரு முறை மட்டும் கூறித் திரும்பி வந்தவற்றை எண்ண வேண்டும். வராத சீட்டுகள் எங்கே உள்ளன என்பதை மாணவரே கூறுவர். அடுத்து, அவற்றை வைத்திருப்போர்க்கு உண்மையைத் தெரிவிப்பது எப்படி என்று வினவினால், தேடிச் சென்று கூற வேண்டும் என்னும் விடையும் அவர்களிடமிருந்தே வரும்.

நீக்கும் வசதி பயனுடையதே. ஆயினும் அது அழிப்பது படியையேயன்றி, படித்தவர் மனத்திற் பதிந்த கருத்தையன்று. அதை மாற்றவல்லது சரியான செய்தி ஒன்றே. மலையின் மேலுள்ள கடைசி வீட்டுக்குத் திருத்தம் சென்று சேர்ந்தது என்று அறியும் வரை, அனுப்பியவரின் கடமை முடிவடைவதில்லை.